பேரைட்டுப் படிக மாதிரிகள்

பேரைட்டு என்பது பேரியம் சல்பேட்டினால் ஆன ஒரு கனிமம் ஆகும். பாரைட்டு என்றும் எழுதுவதுண்டு. இந்தியச் சுரங்கத் தொழிலில் பன்மை வடிவமான பேரைட்சு என்ற பெயரே பெரிதும் வழங்குகிறது. உலகில் வெட்டியெடுக்கப்படும் பேரைட்டின் மிகப் பெரும்பகுதி பொடியாக அரைக்கப்பட்டு, எண்ணெய், எரிவளிக் கிணறுகளைத் துளையிடும் சேற்றில் எடை கூட்டுவதற்காகக் கலக்கப்படுகிறது. அரைவைக்குப் போகும் இதே கனிமம், உரிய சூழலில் வளரும்போது கண்ணாடித் தகடுகளை அடுக்கியது போன்ற படிகங்களாக உருவாகிறது. இப்படிகங்கள் அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் மதிப்புடன் காக்கப்படுகின்றன.

உலகின் மிகப் பெரிய தனிப் பேரைட்டுப் படிவு இந்தியாவில், ஆந்திரப் பிரதேசத்தின் மங்கம்பேட்டையில் உள்ளது. ஆயினும் சேகரிப்பாளர்கள் தேடும் புகழ்பெற்ற படிகங்கள் இங்கிலாந்து, ருமேனியா, பெரு, ஐக்கிய அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்தே வந்துள்ளன. இம்முரணுக்கான காரணம், இக்கனிமம் உருவாகும் வேகத்திலும் அதற்குக் கிடைக்கும் இடவெளியிலும் உள்ளது.

பெயரும் வரலாறும்

கனம் எனப் பொருள்படும் 'பாரிசு' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் தோன்றியது. உலோகத் தோற்றம் இல்லாத ஒரு வெண்ணிறக் கல் இவ்வளவு கனமாக இருப்பது பழங்காலத்துச் சுரங்கத் தொழிலாளரை வியப்பில் ஆழ்த்தியிருக்க வேண்டும். 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் போலோஞா நகரைச் சேர்ந்த வின்சென்சோ கச்சியரோலோ என்னும் காலணித் தொழிலாளர், அருகிலிருந்த குன்றில் கிடைத்த பேரைட்டுக் கற்களைக் கரியுடன் சேர்த்துச் சுட்டார். இரசவாதத்தில் ஈடுபாடு கொண்டிருந்த அவர் தேடியது பொன். கிடைத்ததோ வெளிச்சத்தில் வைத்து எடுத்தபின் இருளில் ஒளிரும் கல். சுடும்போது சல்பேட்டு சல்பைடாக மாறியதே இதற்கு அடிப்படை. 'போலோஞாக் கல்' எனப் பெயர் பெற்ற இப்பொருள் ஐரோப்பிய அறிஞர்களிடையே நெடுங்காலம் பேசப்பட்டது. 1774 இல் கார்ல் சீலே இக்கனிமத்தில் புதியதொரு தனிமம் இருப்பதை உணர்ந்தார். 1808 இல் அம்ப்ரி டேவி பேரியத்தைப் பிரித்தெடுத்தார்.

படிகம் உருவாகும் முறை

மேனிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் சல்பேட்டு உப்பின் கரைசலில் பேரியம் குளோரைடு சேர்த்ததும் வெண்ணிற வீழ்படிவு தோன்றுவதை மாணவர்கள் பார்த்திருப்பர். ஐதரோகுளோரிக் அமிலத்திலும் அது கரைவதில்லை. அந்த வீழ்படிவு வேதியியல் நோக்கில் பேரைட்டே ஆகும். ஒரு லிட்டர் நீரில் சில மில்லிகிராம் அளவே கரையக்கூடியது என்பதால், பேரியமும் சல்பேட்டும் சந்தித்தவுடன் எண்ணற்ற நுண்துகள்களாக விழுந்துவிடுகிறது. சோதனைக் குழாயில் கண்ணுக்குத் தெரியும் படிகம் வளர்வதற்கு நேரமே இல்லை.

கைவிரல் அளவுள்ள படிகம் வளர வேண்டுமானால் இரு பொருள்களும் மிகமிக மெதுவாகச் சந்திக்க வேண்டும். பாறை வெடிப்புகளின் வழியே மேலேறும் வெந்நீர்க் கரைசல்கள் பேரியத்தைச் சுமந்து வருகின்றன. சல்பேட்டைக் கொண்ட வேறொரு நீர் அதனுடன் சிறுகச் சிறுகக் கலக்கும்போது, வெடிப்பின் சுவரில் முதலில் ஒட்டிய சில நுண்படிகங்களே தொடர்ந்து பெரிதாகின்றன. வெடிப்பு முழுதும் நிரம்பிவிட்டால் படிகங்கள் ஒன்றையொன்று நெருக்கி உருவம் இழந்துவிடும். நடுவே வெற்றிடம் எஞ்சினால்தான் படிக முகங்கள் முழுமையாக அமையும். எனவே நல்ல மாதிரி என்பது ஒருவகையில் நிரம்பாமல் நின்றுபோன வெடிப்பின் எச்சம் ஆகும்.

மங்கம்பேட்டையில் நிகழ்ந்தது வேறு. முந்தைய ஒருங்கிணைந்த கடப்பை மாவட்டத்தில் அமைந்த இப்படிவு, கடப்பைப் படுகையின் மிகப் பழமையான படிவுப் பாறைகளுக்கிடையே வில்லை வடிவில் கிடக்கிறது. இதன் இருப்பு 7 கோடி டன்னுக்கு மேற்பட்டதாக மதிப்பிடப்பட்டது. ஆந்திரப் பிரதேசக் கனிம வளர்ச்சிக் கழகம் இதனைத் திறந்தவெளிச் சுரங்கமாக வெட்டி வருகிறது. இங்குள்ள பேரைட்டு பெரும்பாலும் சாம்பல் நிறங்கொண்ட மணிமணியான கல். சிறு உருண்டைகள் செறிந்த படுகையும் உண்டு. எரிமலைச் செயலால் விளைந்தது என்று ஒரு சாராரும், கடலடியில் ஊறிய கரைசல்களிலிருந்து படிந்தது என்று மற்றொரு சாராரும் விளக்குவர். எவ்வாறாயினும் கடலடியில் பெருமளவில் படிந்ததால் தனிப்படிகங்கள் விரிந்து வளரும் வெற்றிடம் அங்கு அரிதாயிற்று. எண்ணெய்த் துறைக்கு மிகவும் உகந்த அந்தப் படிவு, சேகரிப்பாளருக்கு ஏமாற்றமளிப்பது இதனால்தான். இதே கடப்பைப் படுகையில் புலிவெந்துலா, வேமுலா வட்டாரங்களில் பேரைட்டு நரம்புகளாகவும் காணப்படுகிறது. படிகங்களைத் தேடுவோர் கவனிக்க வேண்டியது இத்தகைய நரம்புகளையே.

தமிழ்நாட்டில் திருப்பத்தூர் மாவட்டத்து ஆலங்காயம் பகுதியிலும், கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமல்பட்டிப் பகுதியிலும் குவார்ட்சுடன் கலந்த பேரைட்டு நரம்புகள் அறியப்பட்டுள்ளன.

இனங்காணல்

பேரைட்டின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 4.5 ஆகும். குவார்ட்சு 2.65, கால்சைட்டு 2.7 என்ற அளவிலேயே இருப்பதால், கையில் எடுத்தவுடனேயே வேறுபாடு தெரிந்துவிடும். கடினத்தன்மை மோவின் அளவுகோலில் 3 முதல் 3.5 வரை. நகத்தால் கீற முடியாது. கத்தி எளிதில் கீறும். படிகத் தொகுதி நேர்ச்சாய்சதுரம். தட்டையான தகடுகள், நீண்ட பட்டகங்கள், சேவற்கொண்டை போன்ற அடுக்குகள், ரோசாப்பூ வடிவத் திரள்கள் எனத் தோற்றம் பலவாறு வேறுபடும். நிறமற்றும், வெண்மை, மஞ்சள், பழுப்பு, நீலம் ஆகிய நிறங்களிலும் கிடைக்கிறது.

கனத்தை அளந்தறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நூலில் கட்டிய கல்லை முதலில் காற்றிலும், பின்னர் நீரில் முழுதும் மூழ்கியவாறும் நிறுக்க வேண்டும். காற்றில் 225 கிராம் காட்டும் கல் நீரில் 175 கிராம் காட்டினால் எடையிழப்பு 50 கிராம். 225 ஐ 50 ஆல் வகுக்க 4.5 கிடைக்கும், அக்கல் பேரைட்டாக இருக்க வாய்ப்பு மிகுதி. தாய்ப்பாறை ஒட்டியிருந்தால் விடை குறைவாகவே வரும்.

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியை அடுத்த சாக்கோட்டை முதலிய செட்டிநாட்டு ஊர்களின் மாணவர்கள் இச்சோதனையைச் செய்து பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. அவ்வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் செம்புறாங்கல் துளைகள் நிறைந்தது. துளைகளில் தங்கிய காற்று எடையிழப்பைக் கூட்டிக் காட்டும். நீர் உட்புகப் புக அளவும் மாறிக்கொண்டே இருக்கும். மழையும் வெயிலும் பாறையை நெடுங்காலம் சிதைத்ததால் இரும்பும் அலுமினியமும் எஞ்சி இறுகியதே செம்புறாங்கல் என்பதால், அதனிடையே பேரைட்டுப் படிகங்களைத் தேடுவது வீண். மாவட்டத்தின் பெயர்பெற்ற கனிமம் சிவகங்கையை ஒட்டிக் கிடைக்கும் காரீயகம் (கிராபைட்டு) ஆகும். தமிழ்நாடு கனிம நிறுவனம் அதனை வெட்டியெடுக்கிறது. கையில் எடுத்தால் மிக இலேசாகவும், விரலில் கருமை ஒட்டுவதாகவும் உள்ள காரீயகத்தையும், அதே அளவுள்ள பேரைட்டுத் துண்டையும் இரு கைகளில் ஏந்தி ஒப்பிடுவது கனிமங்களின் அடர்த்தி வேறுபாட்டை உணர நல்ல வழி.

பேரைட்டுடன் மிக எளிதாகக் குழப்பிக்கொள்ளக் கூடியது செலசுட்டைட்டு என்னும் இசுட்ரான்சியம் சல்பேட்டு. படிக வடிவம் ஏறக்குறைய ஒன்றே. ஒப்படர்த்தி மட்டும் 4 ஐ ஒட்டியிருக்கும். சுவாலைச் சோதனையில் பேரியம் இலைப்பச்சை நிறத்தையும் இசுட்ரான்சியம் செந்நிறத்தையும் தரும். 'பாலைவன ரோசா' என விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை சிப்சம். அதனை நகத்தாலேயே கீறலாம்.

புகழ்பெற்ற கிடைப்பிடங்கள்

இங்கிலாந்தின் கம்பிரியாப் பகுதியில், பிரிசிங்டனைச் சுற்றியிருந்த இரும்புச் சுரங்கங்களிலிருந்து பொன்னிறமும் நீலமும் கொண்ட ஒளிபுகும் படிகங்கள் 19 ஆம் நூற்றாண்டில் வெளிவந்தன. அச்சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டமையால், இன்று கைமாறுபவை பழைய சேகரிப்புகளிலிருந்து வருபவையே. ருமேனியாவின் பையா இசுப்ரியே சுரங்கத்தில், கம்பி போன்ற கரிய இசுடிப்னைட்டுடன் சேர்ந்து பேரைட்டுத் தகடுகள் கிடைத்தன. ஐக்கிய அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் எல்க் கிரீக்கை ஒட்டிய களிப்பாறையின் உருண்டைகளைப் பிளந்தால், மஞ்சள் கால்சைட்டின் மேல் தேன் நிறப் பட்டகங்கள் நிற்பதைக் காணலாம். கொலராடோவின் இசுடோன்காம் நீலப் படிகங்களுக்குப் பெயர் பெற்றது. மொரோக்கோ, பெரு நாடுகளின் மாதிரிகள் பிற்காலத்தில் சந்தைக்கு வந்தவை.

ஓக்லகோமாவின் செம்மணற்கற்களில் கிடைக்கும் 'ரோசாக் கல்' இவற்றிலிருந்து வேறுபட்டது. வளரும் பேரைட்டுத் தகடுகள் சுற்றியிருந்த மணலையும் உள்ளே அடக்கிக்கொண்டதால் செந்நிறப் பூவின் தோற்றம் பெற்றன. 1968 இல் இது அம்மாநிலத்தின் அடையாளப் பாறையாக அறிவிக்கப்பட்டது.

தைவானின் பெய்த்தோ வெந்நீர் ஊற்றில் 1905 இல் சப்பானியரான ஒகமோத்தோ கண்டறிந்த கொக்குத்தோலைட்டு, ஈயமும் ரேடியமும் கலந்த பேரைட்டு வகையாகும். இது கதிரியக்கம் உடையது. ஓடும் வெந்நீரில் மிக மெதுவாகவே படிவதால் பெயர்த்தெடுக்கப்பட்ட இடத்தில் மீண்டும் உருவாக நெடுங்காலம் ஆகும். சப்பானின் தமகவா ஊற்றில் கிடைக்கும் இதே கனிமம் அந்நாட்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்படுகிறது.

மதிப்பிடலும் பேணலும்

பேரைட்டு மாதிரியை மதிப்பிடுவோர் முதலில் நோக்குவது படிகங்களின் விளிம்பை. பேரைட்டு ஒரு திசையில் மிக எளிதாகவும் வேறு திசைகளில் ஓரளவு எளிதாகவும் பிளவுறும். இதனால் சுரங்கத்திலிருந்து வீட்டு அலமாரி வரையிலான பயணத்தில் முனை சிதையாமல் வருவதே அரிது. படிகத்தினுள் வானவில் நிறம் மின்னுவது சிலருக்கு அழகாகத் தோன்றினாலும், அது பெரும்பாலும் உள்ளே தொடங்கிவிட்ட பிளவின் அறிகுறி. அடுத்ததாகப் பளபளப்பு, ஒளிபுகும் தன்மை, தாய்ப்பாறையின் மீது படிகங்கள் அமைந்துள்ள விதம், உடன்கிடைக்கும் கனிமங்கள் ஆகியவை கருதப்படும். பெரிய படிகம் என்பதாலேயே சிறந்த மாதிரி ஆகிவிடாது. பழுதற்ற சிறு படிகம் உடைந்த பெரும் படிகத்தைவிட மேலானது.

தூய்மை செய்யும்போதே பல மாதிரிகள் பாழாகின்றன. சூடான நீரில் இட்டால் திடீர் வெப்ப மாற்றத்தால் படிகம் பிளக்கக்கூடும். ஒலி அதிர்வுக் கருவியும் உகந்ததன்று. அறை வெப்பநிலையில் உள்ள நீரும் மென்மையான தூரிகையும் போதும். கால்சைட்டுப் படலத்தை நீர்த்த அமிலம் கரைக்கும், பேரைட்டைத் தொடாது. ஆனால் தாய்ப்பாறை சுண்ணாம்புக்கல்லாயின் அதுவும் கரைந்து படிகம் தனியே விழுந்துவிடும். அமிலச் செயல்களை மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையிலன்றிச் செய்தல் கூடாது. சில நீலப் படிகங்களின் நிறம் வெயிலில் மாறக்கூடியது ஆதலால் சாளரத்தை ஒட்டி வைக்காமல் இருப்பது நலம்.

நீரிலும் அமிலத்திலும் கரையாத காரணத்தால் பேரைட்டைக் கையாள்வதில் பேரிய நச்சு குறித்த அச்சம் வேண்டியதில்லை. குடலின் எக்சு கதிர்ப் படத்திற்காக நோயாளிகள் அருந்துவதும் தூய பேரியம் சல்பேட்டுக் கலவையே. எனினும் சில நரம்புகளில் உடன்கிடைக்கும் விதரைட்டு என்னும் பேரியம் கார்பனேட்டு நச்சுடையது. முன்னாளில் எலிகளைக் கொல்லப் பயன்பட்டது.

படிகத்தைவிட எளிதில் தொலைந்துபோவது அதன் குறிப்புச் சீட்டு. கிடைத்த ஊர், சுரங்கம், நரம்பின் தன்மை, எடுத்த நாள், கைமாறிய விவரம் ஆகியவற்றை மாதிரியுடனேயே வைக்க வேண்டும். ஒரு சுரங்கம் நீரில் மூழ்கியோ மூடப்பட்டோ போனபின் அதன் உட்புறத்தைப் பற்றி எஞ்சும் நேரடிச் சான்று இத்தகைய கற்களும் சீட்டுகளுமே. சீட்டிழந்த படிகம் அழகுப்பொருளாக மட்டும் நிற்கும். சென்னை அரசு அருங்காட்சியகம் 1851 இல் தொடங்கப்பட்டபோது, சென்னை இலக்கியக் கழகம் வழங்கிய நிலவியல் மாதிரிகளே அதன் அடிப்படைத் தொகுப்பாக அமைந்தன என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. மகாராட்டிரத்தின் சின்னரில் உள்ள கர்கோட்டி அருங்காட்சியகம், தக்காணப் பாறைகளில் சாலையும் கிணறும் வெட்டுகையில் வெளிப்படும் சியோலைட்டுப் படிகங்களுக்காகப் புகழ்பெற்றது. பேரைட்டுக்கு இந்தியாவில் அத்தகைய கவனம் கிட்டியதில்லை.

சட்ட நிலை

இந்தியாவில் பேரைட்டு 2015 இல் சிறுகனிமங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பின்னர் 2025 பெப்ரவரியில் பெருங்கனிமமாக மீண்டும் வகைப்படுத்தப்பட்டது. சுரங்கங்களுள் நுழைவதற்கும் கல் எடுப்பதற்கும் குத்தகை உரிமையாளரின் இசைவு தேவை. காப்புக் காடுகளில் வனத்துறையின் இசைவின்றிப் பாறைகளை உடைத்தலும் எடுத்துச் செல்லலும் குற்றமாகும். மாணவர் குழுக்கள் கல்லூரி நிலவியல் துறைகளின் களப்பயணங்களில் இணைந்து செல்வது நடைமுறையில் எளியது. அப்பயணங்களிலும் நரம்பின் சுவரிலுள்ள படிகங்களைப் பெயர்க்காமல், கழிவுக் குவியலில் கிடப்பவற்றை எடுப்பதே வழக்கம்.