ஓவனில் வேகும் கோழி பாஸ்தா

மருத்துவமனையிலிருந்து மாலையில் வீடு திரும்பும் பராமரிப்பாளருக்கு அடுப்பருகே நிற்கத் தெம்பிருப்பதில்லை. இந்த உணவை ஓவனில் வைத்துவிட்டால் கிளற வேண்டியதில்லை. முக்கால் மணி நேரம் நோயாளியின் அருகில் அமர்ந்திருக்கலாம்.

நால்வருக்கு 250 கிராம் பென்னே பாஸ்தா போதும். அதை வேகவைக்காமலேயே ஆழமான ஓவன் பாத்திரத்தில் இட்டு, சிறு துண்டுகளாக்கிய எலும்பில்லாத கோழி 400 கிராம், அரைத்த தக்காளி 400 கிராம், நசுக்கிய பூண்டு, சிறிது எண்ணெய், அளவான உப்பு ஆகியவற்றுடன் 500 மில்லி கொதிநீர் ஊற்றிக் கலக்கவும். பாஸ்தா மூழ்கியிருக்க வேண்டும். அலுமினியத் தாளால் இறுக மூடி, முன்னரே 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றிய ஓவனில் 35 நிமிடம் வைக்கவும். ஆவி கசிந்தால் பாஸ்தா வேகாமல் விறைத்துவிடும். பின்னர் தாளை நீக்கி, சீஸ் துருவல் தூவி மேலும் 10 நிமிடம் வைக்கவும்.

கீமோதெரபி பெறுவோருக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கக்கூடும். அவர்களுக்குச் சமைக்கும்போது இறைச்சியின் நிறத்தை நம்ப வேண்டாம். உணவு வெப்பமானியை நடுப்பகுதியில் செருகினால் 74 டிகிரி காட்ட வேண்டும். பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவுவது நம் இல்லங்களில் நெடுநாள் வழக்கம். ஆனால் தெறிக்கும் நீர் கிருமிகளைச் சுற்றிலும் பரப்பும். அவற்றைக் கொல்வது வெப்பமே. கழுவ வேண்டியவை கைகளும் கத்தியும் பலகையும்தான். மீந்த உணவை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கிப் பரிமாறவும்.

வாய்ப்புண் உள்ளவருக்குத் தக்காளியின் புளிப்பு எரிச்சல் தரும். அவருக்குத் தக்காளிக்குப் பதிலாக 300 மில்லி பால் சேர்த்து, ஆறவைத்துக் கொடுக்கலாம்.