கோடைக்கால மூளை அறிவியல் பயிலரங்கு: கையெழுத்துப் போடும் முன்

கோடை நெருங்கும்போது மூளை அறிவியலில் ஆர்வமுள்ள மாணவர்கள் ஒரு மின்னஞ்சலுக்காகக் காத்திருக்கிறார்கள். பெங்களூரு ஜி.கே.வி.கே. வளாகத்தில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையம், நினைவாற்றலைக் கணிதத்தின் வழியாகவும் கணினியின் வழியாகவும் ஆராயும் ‘கேம்ப்’ என்ற கோடைப் பள்ளியை நடத்திவருகிறது. அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்திலும் ஜப்பானின் ஒகினாவாவிலும் இப்படிப்பட்ட பயிலரங்குகள் பெயர்பெற்றவை. தேர்வானவர்கள் சில வாரங்கள் அங்கேயே தங்கி, பகலில் வகுப்பு, மாலையில் செய்முறை, இரவில் புராஜெக்ட் என்று ஒரே வளாகத்துக்குள் வாழ வேண்டும்.

தேர்வுக் கடிதம் வந்ததும் எல்லோரும் பாடத்தைத்தான் தயார் செய்கிறார்கள். லேப்டாப்பில் பைத்தானை நிறுவுகிறார்கள், மறந்துபோன வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தூசு தட்டுகிறார்கள், நரம்பு செல்லில் மின்துடிப்பு எழும் விதத்தை 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் சமன்பாடுகளாக எழுதிய கட்டுரையைப் புரட்டுகிறார்கள். இதெல்லாம் தேவைதான். ஆனால் கடிதத்தோடு இணைத்திருக்கும் படிவங்களை எத்தனை பேர் கடைசி வரி வரை படிக்கிறார்கள்? ‘நாம் அங்கே விருந்தாளி, கொடுப்பதை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான்’ என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் ஆழமாக இருக்கிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போனவர்களிடமும் தமிழ்வழியில் படித்தவர்களிடமும் இன்னும் அதிகம். அது தவறான எண்ணம். அந்த வளாகத்தில் கால் வைத்த நாளிலிருந்தே உங்களுக்கு உரிமைகள் உண்டு. அவற்றைக் கிளம்புவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், கடிதம் உண்மையானதா என்று பாருங்கள். நல்ல பயிலரங்குகள் விண்ணப்பத்தையும், ஏன் வர விரும்புகிறீர்கள் என்ற விளக்கத்தையும், பெரும்பாலும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தையும் கேட்டுத்தான் ஆள் எடுக்கின்றன. விண்ணப்பிக்காமலே ‘தேர்வாகிவிட்டீர்கள், இன்று மாலைக்குள் பணம் கட்டினால் இடம் உறுதி’ என்று செய்தி வந்தால் நம்பாதீர்கள். கட்டணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதே பெரிய அடையாளம். நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்குப் போகாமல் தனிநபரின் யு.பி.ஐ. எண்ணுக்குப் போகிறதென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நிறுவனத்தின் இணையதளத்திலுள்ள தொலைபேசி எண்ணை நீங்களே தேடி எடுத்து, அலுவலகத்தை அழைத்துக் கேளுங்கள். கடிதத்தில் இருக்கும் எண்ணை அழைத்தால் ஏமாற்றுபவரே எடுப்பார். பணம் போய்விட்டால் வீட்டில் திட்டுவார்களே என்று பயந்து ஒரு நாளைக் கடத்தாமல், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் கைமாறிக்கொண்டே போகும் என்பதால், தகவல் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அந்த அளவுக்கு அதை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. தனியார் நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு சொன்னபடி நடத்தாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடிதம் உண்மையென்றால் அடுத்த வேலை, ஒரு மின்னஞ்சல் எழுதுவது. தங்குமிடம் தனி அறையா, பகிர்ந்துகொள்ளும் அறையா? பயணச் செலவு யாருடையது, முன்பணமா, பில் காட்டிய பிறகா? உடம்புக்கு முடியாமல் வர இயலாமல் போனால் கட்டணம் திரும்ப வருமா? விபத்துக் காப்பீடு உண்டா? இரவில் புராஜெக்ட் முடித்து விடுதிக்குத் திரும்ப என்ன ஏற்பாடு? இப்படிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். பயிலரங்கு நடத்திப் பழகியவர்களுக்கு இவை வழக்கமான கேள்விகள். பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியோ, பார்வைக் குறைபாட்டுக்கு ஏற்ற பாடக்குறிப்போ, சைகை மொழிபெயர்ப்போ தேவைப்படுபவர்கள் அதையும் இப்போதே எழுதிவிட வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை நியாயமான ஏற்பாடு என்கிறது. அது சலுகையல்ல, காரணமில்லாமல் மறுப்பது பாகுபாடு.

இனி, வேறு துறைப் பயிலரங்குகளில் இல்லாத விஷயத்துக்கு வருகிறேன். மூளை அறிவியல் செய்முறை வகுப்பில் ஆய்வுக்கு உட்படும் மூளை பல நேரம் பங்கேற்பாளருடையதாகவே இருக்கும். ‘யாராவது ஒருவர் வாங்க’ என்பார் பயிற்றுநர். வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுப்பது கடினம். அதனால்தான் ஒவ்வொரு சோதனையும் என்ன செய்யும் என்பதை முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இ.இ.ஜி. எனப்படும் மூளை மின்னலைப் பதிவில் பயப்பட ஒன்றுமில்லை. தலையில் உணர்முனைகள் பதித்த தொப்பியை மாட்டி, கூந்தலை விலக்கி, ஒவ்வொரு முனையிலும் கொஞ்சம் ஜெல் தடவுவார்கள். கருவி மூளைக்குள் எதையும் செலுத்துவதில்லை, வரும் சமிக்ஞையைப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். முந்தின இரவு தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தால் உணர்முனை சரியாக ஒட்டாது. ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டுப் போவது நல்லது. முக்காடு அணியும் பெண்கள் தனி அறையும் பெண் பயிற்றுநரும் வேண்டும் என்று கேட்கலாம். அப்படி ஏற்பாடு செய்ய முடியாவிட்டால் அந்தச் சோதனைக்கு வரவில்லை என்று சொல்லலாம்.

டி.எம்.எஸ். அப்படியல்ல. தலைக்கு அருகே ஒரு கம்பிச்சுருளைப் பிடித்து, வலுவான காந்தத் துடிப்பால் மூளையின் ஒரு பகுதியைத் தூண்டுவது இந்த முறை. சரியான இடத்தில் தூண்டினால் கை விரல் தானாகத் துடிக்கும். பார்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். விதிகளின்படி செய்தால் ஆபத்து குறைவு. ஆனால் அரிதாக வலிப்பு வரக்கூடும். ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், தலைக்குள் உலோகம் பொருத்தப்பட்டவர்களுக்கும், சில மனச்சோர்வு மருந்துகளை எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடும். தூக்கமின்மையும் அதைக் கூட்டும். நள்ளிரவு வரை புராஜெக்ட் செய்துவிட்டு வரும் பங்கேற்பாளர் இதை மனதில் வைக்க வேண்டும். முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், வலிப்பு வந்ததுண்டா, என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்காமல் யாராவது அந்தச் சுருளைத் தலையருகே கொண்டுவந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ. அறையின் காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். ஸ்கேன் ஓடவில்லையே என்று கைபேசியோடு உள்ளே நுழையக் கூடாது. பேஸ்மேக்கர், காது உள்வைப்பு, பழைய அறுவைச் சிகிச்சையில் வைத்த கிளிப், தகடு எதையும் மறைக்காதீர்கள். லேத் பட்டறையிலோ வெல்டிங் வேலையிலோ இருந்தவர்களின் கண்ணில் நுண்ணிய இரும்புத் துகள் தங்கியிருக்கலாம், அதையும் சொல்ல வேண்டும். கழற்ற வராத மெட்டி, மூக்குத்தி இருந்தால் முதல் நாளே தெரிவித்துவிடுங்கள். இன்னொரு கேள்வியும் உண்டு. பயிற்சிக்காக எடுத்த படத்தில் ஏதாவது கட்டியோ மாற்றமோ தெரிந்தால் அதை யார் பார்ப்பார்கள், உங்களிடம் யார் சொல்வார்கள்? வகுப்பறைத் திரையில் எல்லோரும் பார்க்கும்போது அது தெரியவருவது கொடுமை. உங்கள் மூளைப் படத்தைப் பெயரோடு திரையில் காட்டக் கூடாது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள், மாணவர்களை எளிதில் வற்புறுத்தலுக்கு உள்ளாகக்கூடியவர்களாகக் கருதுகின்றன. ஆசிரியர் கேட்டால் மறுக்கத் தயங்குவார்கள் என்பதே காரணம். ஆராய்ச்சியில் பங்கேற்பவர் எந்தக் கட்டத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம். ஆராய்ச்சியால் பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சையும் இழப்பீடும் பெற உரிமை உண்டு. இங்கே ஒரு இடைவெளி இருக்கிறது. ‘இது வகுப்புச் செய்முறைதான், ஆராய்ச்சி இல்லை’ என்று சொல்லி ஒப்புதல் படிவமே இல்லாமல் சோதனை நடத்திவிட்டு, பின்னர் அதே தரவை ஆய்வுக் கட்டுரைக்குப் பயன்படுத்த இடமிருக்கிறது. எனவே ‘இந்தப் பதிவு வகுப்போடு அழிக்கப்படுமா, சேமிக்கப்படுமா, நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா?’ என்று கேளுங்கள். ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் அவருடைய மூளையைச் சோதிப்பதை நம் உச்ச நீதிமன்றம் எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறது என்பதற்கு 2010 மே மாதம் வந்த செல்வி வழக்குத் தீர்ப்பு சாட்சி. குற்றம் சாட்டப்பட்டவர் மீதுகூட ஒப்புதல் இல்லாமல் மூளை வரைவுச் சோதனை நடத்தக் கூடாது என்றது அது. காவல் விசாரணை பற்றிய தீர்ப்புதான் என்றாலும், நம்மைப் போன்றவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு.

ஆய்வக ஆபத்துகள் வேறு வகை. மூளைத் திசுவைக் கெடாமல் பதப்படுத்தப் பயன்படும் பாராபார்மால்டிஹைடிலிருந்து வரும் பார்மால்டிஹைடு ஆவி கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும்; அது புற்றுநோய் உண்டாக்கும் பொருளும்கூட. அதைக் காற்றை இழுத்து வெளியேற்றும் அடைப்புக்குள் கையுறை போட்டுத்தான் கையாள வேண்டும். நரம்பு செல்களின் சோடியம் வழிகளை அடைக்கப் பயன்படும் டெட்ரோடோடாக்சின், பேத்தை மீனில் இருக்கும் அதே கொடிய நஞ்சு. சிறு அளவே உயிரைக் குடிக்கும். இரு ஃபோட்டான் நுண்ணோக்கியின் அகச்சிவப்பு லேசர் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது, ஆனால் கண்ணைப் பாழாக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு எலிகள் இருக்கும் அறையே மூச்சுத் திணறலைக் கொண்டுவரலாம். பாதுகாப்புப் பயிற்சி தராமல் ஆய்வகத்துக்குள் அனுப்பினால், பயிற்சி எப்போது என்று கேளுங்கள். விலங்கை வைத்து நடக்கும் சோதனைக்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். மனம் ஒப்பவில்லையென்றால் வேறு புராஜெக்ட் கேட்கலாம். விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுவிட்டால் இரு தரப்புக்கும் எளிது.

மாத்திரை சாப்பிடுபவர்கள் தங்கும் நாட்களுக்கும் கூடுதலாக ஒரு வாரத்துக்கும் சேர்த்து, மருத்துவரின் சீட்டோடு எடுத்துப் போங்கள். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் கூட்டத்தில் நாம் மட்டும் பின்தங்கிவிட்டோம் என்ற எண்ணம் முதல் வாரத்தில் பலரைத் தின்கிறது. புரியவில்லை என்று சொல்லத்தான் அங்கே உதவிப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றும் அளவுக்குப் போனால் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது.

பயிலரங்கில் பேராசிரியரும் மாணவரும் ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே வேனில் போய், நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த நெருக்கம் அறிவுக்கு நல்லது. எல்லை மீறுபவருக்கும் அதுவே வசதி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறையில் முக்கியமான ஒரு விதி இருக்கிறது. ஒரு கல்வி நிறுவனத்தின் மாணவர் வேறொரு நிறுவனத்தின் நிகழ்ச்சியில் பங்கேற்கும்போது பாலியல் தொல்லைக்கு ஆளானால், சம்பவம் நடந்த நிறுவனத்தின் மாணவராகவே அவர் கருதப்படுவார். ‘நீ எங்கள் மாணவி இல்லையே, உன் கல்லூரியில் போய்ச் சொல்’ என்று யாரும் கைகழுவ முடியாது. ஆண் மாணவர்களும் திருநர்களும் தொல்லைக்கு ஆளாகக்கூடும் என்பதையும் அந்த விதிமுறை ஏற்கிறது. மானியக் குழுவின் கீழ் வராத ஆய்வு நிறுவனமானாலும், 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அங்கே வேலை பார்க்காத பெண்ணும் அதில் புகார் கொடுக்கலாம். குழு உறுப்பினர்களின் பெயர்களை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைத்திருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த அன்றே அந்தப் பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ராகிங் என்றால் 1800-180-5522 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் புகார் செய்யலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர் பாலியல் தொல்லைக்கு ஆளானால் போக்சோ சட்டம் பொருந்தும், அவர்களுக்கான உதவி எண் 1098.

பயிலரங்கு சில வாரங்களில் முடிந்துவிடும் என்பதால், நடந்ததை விழுங்கிக்கொண்டு வீடு திரும்புபவர்களே அதிகம். வீடு திரும்பிய பிறகும் வழி இருக்கிறது. உள்ளகக் குழுவிடம் சம்பவம் நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் புகார் தரலாம். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் அவகாசம் தரலாம். விசாரணையை 90 நாட்களில் முடிக்க வேண்டும். காவல் துறைக்குப் போக வேண்டியிருந்தால் பெங்களூருக்குத் திரும்பிப் போகத் தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலேயே புகாரைப் பதிவு செய்யலாம். அவர்கள் அதை உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். வாட்ஸாப் செய்திகளையும், பயிலரங்கின் அட்டவணையையும், தேர்வுக் கடிதத்தையும் அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள்.