மூடாமல் விடு, முளைக்கும்

டீ ஆறட்டும் தம்பி, உன் தொட்டியைப் பார்ப்போம். இரண்டு தடவை கரிசலாங்கண்ணி விதைத்தும் ஒரு முளைகூட வரவில்லை என்கிறாய். விரல்கணு ஆழத்தில் ஊன்றினாயாமே? அதுதான் காரணம்.

மக்காச்சோளமும் பருத்தியும் ஊன்றிய பெரம்பலூர்க் கை எந்த விதைக்கும் குழி தேடும். மக்காச்சோளத்துக்குள் கட்டுச்சோறு இருக்கிறது. இருட்டில் இரண்டு அங்குலம் ஏறி வந்துவிடும். கரிசலாங்கண்ணி விதையோ எள்ளைவிடச் சிறியது, கையிருப்பு கொஞ்சம்தான். வெளிச்சம் பட்டால்தான் அது முளைக்கத் துணியும். அரை சென்டிமீட்டர் மண் மூடினாலே மேலே வருவது அரிது. உழுத ஈரவயலில் இது திடீரென்று தலைகாட்டுவதும், புதைந்திருந்த விதைகளை ஏர் மேலே கொண்டுவருவதால்தான்.

விதை எடுக்கவும் பொறுமை வேண்டும். அந்த வெள்ளைப் பூ ஒற்றைப் பூ அல்ல. சூரியகாந்தி மாதிரி பல குறும்பூக்கள் சேர்ந்த தலை. ஒவ்வொரு குறும்பூவும் ஒரே ஒரு விதைதான் தரும். பச்சையாகப் பறித்தால் சொத்தைதான் மிஞ்சும். தலை காய்ந்து, தேய்த்தால் கறுத்த விதை உதிரும்போது எடு.

நம் கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும். மணலும் மக்கிய எருவும் கலந்துகொள். மண்ணை நனைத்து, விதையைத் தூவி, உள்ளங்கையால் அழுத்து. மூடாதே. மேலே தண்ணீர் ஊற்றினால் அடித்துப்போகும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வை, கீழிருந்து ஈரம் ஏறட்டும். அரியலூர்ப் பக்கம் கரைவெட்டி ஏரியை ஒட்டிய நெல்வயல்கள் போன்ற ஈர நிலம்தான் இதன் வீடு. முளைத்த பிறகும் ஒருநாள்கூடக் காயவிடாதே.

நீ ஆசைப்படும் மஞ்சள் கரிசலாங்கண்ணி வேறு செடி. தேடித்தான் பிடிக்க வேண்டும். பூங்காவிலும் வீட்டு வாசலிலும் மஞ்சளாகப் படர்வதைப் பார்த்து ஏமாறாதே. அது பெரும்பாலும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. இலை மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். உலகின் மோசமான 100 ஊடுருவி உயிர்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு ஒடுங்கியது, மடல் பிரியாது. வள்ளலார் தினமும் உண்ணச் சொன்ன கீரை கரிசலாங்கண்ணி. அந்தப் பெயரில் அடையாளம் தெரியாத எதையும் சட்டியில் போடக்கூடாது.

மஞ்சளுக்கு விதைக்காகக் காத்திருக்க வேண்டாம், கணுவில் வேர்விடும். வாய்க்கால் ஓரம் எங்காவது கண்டால் இரண்டு கணு மட்டும் கிள்ளி வா. வேரை அங்கேயே விட்டுவிடு. அடுத்துத் தேடி வருகிறவருக்கும் அது இருக்கட்டும்.