சாலைப் பலகையில் இல்லாத அகமது இப்ராஹிம்

ஜூரோங் பக்கம் போகிறவர்கள் எல்லாருக்கும் ஜாலான் அகமது இப்ராஹிம் சாலையைத் தெரியும். ஈசூனில் அதே பெயரில் தொடக்கப்பள்ளியும் உயர்நிலைப்பள்ளியும் உள்ளன. அந்தப் பெயருக்கு உரியவர், 1959ல் சுகாதார அமைச்சரானவர். பிறகு தொழிலாளர் அமைச்சராக இருந்து, 1962ல் இளம் வயதிலேயே காலமானார்.

அதே காலத்தில், அதே அரசாங்கத்தில் இன்னோர் அகமது இப்ராஹிமும் இருந்தார். முழுப்பெயர் அகமது முகமது இப்ராஹிம். இவர் அரசியல்வாதி அல்லர், வழக்கறிஞர். சுதந்திரச் சிங்கப்பூரின் முதல் தலைமைச் சட்ட அதிகாரி. இருவரையும் ஒருவரே என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு.

இந்த இரண்டாமவரைப் பற்றி இப்போது எழுதக் காரணம் என் அக்கா மகள். சட்டப் படிப்பை முடித்துவிட்டாள். கையில் இரண்டு வாய்ப்புகள். ஒன்று பெரிய தனியார் நிறுவனம், மற்றொன்று அரசாங்கச் சட்டச் சேவை. அத்தானுக்கு இதில் சந்தேகமே இல்லை. “இவ்வளவு செலவு செய்து படிக்க வைத்தது ஆபிசில் கோப்பு புரட்டவா?” என்கிறார். சட்ட நிறுவனம் ஒன்றில் 30 ஆண்டுகளுக்கு மேல் எழுத்தராக வேலை பார்த்தவன் நான் என்பதால், அவள் என்னிடம் வந்தாள். “மாமா, அரசாங்க வழக்கறிஞர் ஒரு சட்டத்தையே எழுதினாலும் அதில் அவர் பேர் இருக்காதாமே, உண்மையா?” என்று கேட்டாள்.

உண்மைதான். ஆனால், பெயர் இல்லாத அந்தப் பக்கங்கள் நம் வீடுகளுக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்பதையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

அகமது 1916ல் சிங்கப்பூரில் இந்திய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் படித்து, உபகாரச் சம்பளம் பெற்று கேம்பிரிட்ஜ் சென்றார். போருக்குப் பிறகு ஊர் திரும்பி வழக்கறிஞர் தொழில் நடத்தினார். நன்றாகச் சம்பாதித்திருக்கக்கூடிய அந்தத் தொழிலை விட்டு, 1950களில் அரசாங்கச் சட்டப் பணிக்கு வந்தார். 1959ல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றபோது, அரசாங்கத்தின் ஆக உயர்ந்த சட்டப் பதவி அவரிடம் வந்தது.

அந்தப் பதவியில் அவர் இருந்த காலத்தில்தான், 1961ல், மாதர் சாசனம் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் ஒரு மனைவி இருக்க இன்னொருத்தியைக் கைப்பிடிப்பதை நம் இந்து வழக்கம் தடுக்கவில்லை. சீனர்களிடமும் அப்படித்தான். ‘பெரிய வீடு’, ‘சின்ன வீடு’ என்ற பேச்சு நம் குடும்பங்களில் சாதாரணமாகப் புழங்கிய காலம் அது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதைச் சட்டமாக்கியது அந்தச் சாசனம். அதற்காகப் போராடியவர்கள் பெண்கள் அமைப்பினர். சட்டமன்றத்தில் பேசியவர்கள் அரசியல்வாதிகள். ஆனால், கோரிக்கையும் மேடைப் பேச்சும் நீதிமன்றத்தில் செல்லுபடியாகிற வாசகங்களாக மாற வேண்டும். ஒரு சொல் தளர்வாக இருந்தாலும் கணவன் அந்த ஓட்டை வழியே நழுவிவிடுவான். அந்த ஓட்டையை முன்கூட்டியே கண்டு அடைப்பதுதான் அரசாங்க வழக்கறிஞரின் வேலை.

அகமதின் பெயரோடு அதிகம் சேர்த்துப் பேசப்படுவது 1966ல் இயற்றப்பட்ட முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம். 1957லேயே முஸ்லிம்களுக்கான சட்டம் ஒன்று வந்து, மறு ஆண்டு ஷரியா நீதிமன்றம் அமைந்திருந்தது. நினைத்த மாத்திரத்தில் மனைவியைத் தள்ளி வைக்கும் போக்குக்கு அது கடிவாளம் போட்டது. 1966ஆம் ஆண்டுச் சட்டம் அதைவிட விரிவானது. திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை, ஸக்காத், வக்ஃபு சொத்துகள், பள்ளிவாசல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஏற்பாடு. இதன்படி 1968ல் அமைந்ததே முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்.

இதில் ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். மலாய் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபி வழியைப் பின்பற்றுபவர்கள். இந்திய முஸ்லிம்களில் பலர் ஹனஃபி வழியினர். சமயத் தீர்ப்புகள் பொதுவாக ஷாஃபி வழியில் அமையும் என்று சொல்லும் சட்டம், வேறு வழியைப் பின்பற்றும் ஒருவர் தம் வழிப்படி விளக்கம் கேட்டால் அதற்கும் இடம் தருகிறது. சிறுபான்மைக்குள் இருக்கும் சிறுபான்மையையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பதற்கு இது சான்று.

இந்துக்களுக்கும் இதில் தொடர்பு உண்டு. பிரிட்டிஷார் காலத்தில் பள்ளிவாசல் சொத்துகளையும் கோயில் சொத்துகளையும் ‘முகமதியர், இந்து அறக்கட்டளை வாரியம்’ என்ற ஒரே வாரியம்தான் கவனித்தது. முஸ்லிம்களுக்குத் தனி மன்றம் வந்ததும் அந்தக் கூட்டு ஏற்பாடு முடிந்தது. 1968ல் இந்து அறக்கட்டளைச் சட்டம் பிறந்தது. சௌத் பிரிட்ஜ் சாலையில் அருகருகே இருக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயிலையும் ஜாமியா சூலியா பள்ளிவாசலையும் கடந்து போகும்போது இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இதையெல்லாம் கேட்ட அக்கா மகள், “அப்படியானால் அமைச்சர் சொல்வதை எழுதிக் கொடுக்கும் வேலையா?” என்றாள். நல்ல கேள்வி. தலைமைச் சட்ட அதிகாரி அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்பவர். கூடவே, ஒருவர்மீது குற்ற வழக்குத் தொடுப்பதா, தொடுத்ததைக் கைவிடுவதா என்று முடிவெடுக்கும் அதிகாரத்தையும் அரசமைப்புச் சட்டம் அவர் கையில் கொடுத்திருக்கிறது. அவருக்குக் கீழே இருக்கும் இளம் வழக்கறிஞரின் மேசைக்கு வரும் ஒவ்வொரு கோப்பிலும் யாரோ ஒருவரின் வாழ்க்கை இருக்கிறது. “இதற்குச் சட்டத்தில் இடமில்லை” என்று மேலிடத்திடம் சொல்ல வேண்டிய நாளும் வரும். அன்று அதைச் சொல்லத் தெரியாதவருக்கு இந்த வேலை ஒத்துவராது.

அகமது 1967ல் அந்தப் பதவியிலிருந்து விலகினார். எகிப்தில் சிங்கப்பூரின் தூதராக இருந்தார். பிறகு மலேசியா சென்றார். 1972ல் மலாயாப் பல்கலைக்கழகச் சட்டப் புலத்தின் முதல் தலைவரானார். 1983ல் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் சட்டப் புலத்தைத் தொடங்கி வைத்து, 1999ல் 82 வயதில் காலமாகும்வரை அங்கேயே பணியாற்றினார். அந்தப் புலம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சாலைக்குக் கிடைக்காத பெயர் வகுப்பறைக்குக் கிடைத்தது.

அத்தான் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சம்பள வித்தியாசம் உண்மை. வீட்டுக் கடனும் வயதான பெற்றோரும் உண்மை. தனியார் நிறுவனத்தில் இருந்துகொண்டே இலவசச் சட்ட உதவி செய்பவர்களும் நம்மிடையே உண்டு. பொதுச் சேவைக்கு ஒரே வாசல்தான் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. கைதட்டல் இல்லாத வேலையை 10 ஆண்டுகள் ஒரே கவனத்தோடு செய்ய முடியுமா என்று மட்டும் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

மறுவாரம் அவளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. முடிவு எதுவும் அதில் இல்லை. மாதர் சாசனத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டாளாம். “மாமா, பாட்டியிடம் அந்தக் காலக் கல்யாணங்களைப் பற்றிக் கேட்கணும். நீங்களும் வர்றீங்களா?” என்று எழுதியிருந்தாள்.