செயலாளர் நாற்காலி

பண்டமாரானில் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு கறுப்புக் கோப்பு இருக்கிறது. அப்பா துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் ஒரு சின்ன வாசகர் வட்டத்துக்குச் செயலாளராக இருந்தார். கூட்டக் குறிப்பு, சந்தா ரசீது, மண்டபத்துக்குக் கட்டிய முன்பணம் எல்லாம் அதில் தேதிவாரியாக அடுக்கியிருக்கும். சிறு வயதில் எனக்கு அதைப் பார்த்தாலே சலிப்பு. மேடையில் பேசுகிறவர்கள்தான் பெரியவர்கள் என்று நினைத்தேன். வளர்ந்து வானொலியில் மைக் பிடிக்கும் வேலைக்கே வந்துவிட்டேன்.

போன ஆண்டு, நான் உறுப்பினராக இருக்கும் ஒரு சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். தலைவர் பதவிக்கு மூன்று பேர் போட்டி. செயலாளர் பதவிக்கு ஒருவர்கூட முன்வரவில்லை. "நீங்கதான் நல்லா பேசுவீங்களே" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பேச்சுக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்பது சீக்கிரமே புரிந்தது. உறுப்பினர் பட்டியல் யாரோ ஒருவருடைய கைப்பேசியில் இருந்தது. மின்னஞ்சலின் கடவுச்சொல் பழைய செயலாளரிடம். காசோலையில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஜொகூருக்குக் குடிபோய்விட்டார். ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் சங்கங்களின் பதிவிலாகாவுக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். 58ஆம் நாள் இரவு கண்விழித்து உட்கார்ந்து அனுப்பி முடித்தேன்.

வீட்டில் புலம்பியபோது அப்பா சிரித்தார். "மாலை எல்லாம் தலைவருக்குத்தாம்மா விழும். ஆனா கடுதாசி எழுத ஒருத்தன் இல்லன்னா சங்கமே இல்ல" என்றார்.

அந்த வாரம்தான் தனிநாயகம் அடிகளாரின் பிறந்த நாளுக்காக ஒரு நிகழ்ச்சி தயாரிக்க வேண்டியிருந்தது. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது என்ன? தமிழறிஞர், பாதிரியார், உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் தந்தை. எனக்கும் அவ்வளவுதான் தெரியும். அவர் வகித்த பதவி எது என்று தேடியபோதுதான் ஆச்சரியம் காத்திருந்தது. உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவர் அவர் இல்லை. செயலாளர்!

1964 ஜனவரியில் புதுடில்லியில் 26ஆவது அனைத்துலகக் கீழ்த்திசை அறிஞர் மாநாடு நடந்தது. உலகெங்குமிருந்து ஆய்வாளர்கள் ஒரே ஊரில் கூடும் அந்த வாய்ப்பை விடக் கூடாது என்று அடிகளாரும் பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியமும் தமிழாய்வாளர்களைத் தனியே ஒரு கூட்டத்துக்கு அழைத்தார்கள். ஜனவரி 7ஆம் தேதி மன்றம் பிறந்தது. தலைவராகப் பிரான்சின் ழான் பிலியோசா தேர்ந்தெடுக்கப்பட்டார். துணைத் தலைவர்களில் ஆக்ஸ்போர்டின் பர்ரோ, அமெரிக்காவின் எமனோ, நெதர்லாந்தின் கைப்பர் ஆகியோர் இருந்தார்கள். செயலாளர் பொறுப்பை அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும் ஏற்றார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தமிழ் தமிழர்களுக்கு மட்டும் உரிய ஆராய்ச்சிப் பொருள் அல்ல என்பதை அந்தப் பட்டியலே உலகுக்குச் சொல்லிவிடுகிறது. வெளிநாட்டுப் பேரறிஞர்களை முன்வரிசையில் அமர்த்திவிட்டு, அடிகளார் கடிதம் எழுதும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த நாற்காலி இருந்தது நம் கோலாலம்பூரில். யாழ்ப்பாணத்துக்கு அருகே கரம்பொனில் 1913இல் பிறந்த அடிகளார், 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக இங்கே வந்தார். மன்றம் தொடங்கி இரண்டே ஆண்டுகளில், 1966 ஏப்ரலில், முதல் மாநாட்டை இங்கேயே நடத்திக் காட்டினார். பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்தார். 20க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து பேராளர்கள் வந்தார்கள். சென்னை மாநில முதல்வர் பக்தவத்சலமும் வந்திருந்தார்.

மின்னஞ்சல் இல்லாத காலம் அது. வாட்ஸ்அப் குழு இல்லை, கூகள் படிவம் இல்லை. வான்கடிதமும் தந்தியும் தட்டச்சு இயந்திரமும்தான் கருவிகள். ஒரு கேள்வி எழுதி அனுப்பினால் பதிலுக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கட்டுரையை வாங்குவது, பயணச் செலவை யார் ஏற்பது என்று பேசி முடிப்பது, தங்குமிடம், அமர்வு வரிசை, அரசாங்க அனுமதி, நன்கொடை, கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம், அதற்கு ஒரு நினைவூட்டல். வகுப்பெடுக்கும் பேராசிரியர் ஒருவரின் மேசை மேல் இத்தனையும் குவிந்திருக்கும் காட்சியைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

இதற்கிடையில் அவருடைய சொந்த ஆய்வும் நிற்கவில்லை என்பதுதான் என்னை மலைக்க வைத்தது. தமிழாய்வு நூல்களுக்கு அவர் தொகுத்த வழிகாட்டி நூல் வெளிவந்ததும் அதே 1966இல்தான். வத்திக்கான் நூலகத்திலிருந்த 1679ஆம் ஆண்டின் தமிழ் - போர்த்துக்கீசிய அகராதியை அவர் பதிப்பித்து வெளியிட்டதும் அதே ஆண்டுதான்.

மாநாடு முடிந்து பந்தலைப் பிரித்த பிறகுதான் செயலாளரின் உண்மையான சோதனை தொடங்கும். மேடைப் பேச்சு காற்றோடு போய்விடும். இதை வானொலிக்காரி சொன்னால் நீங்கள் நம்பலாம். அச்சில் வந்தால்தான் அடுத்த ஆய்வாளர் கையில் எடுக்க முடியும். முதல் மாநாட்டின் ஆய்வுக் கட்டுரைகள் 1968இலும் 1969இலும் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. நிகழ்ச்சிக்காக அவற்றைத் தேடிப்பிடித்துப் புரட்டினேன். மாநாட்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. அவர்கள் சொன்னது இருக்கிறது. 1969இல் மன்றத்தின் ஆய்விதழும் தொடங்கியது.

இரண்டாம் மாநாடு 1968இல் அண்ணா ஆட்சியில் சென்னையில் நடந்தது. மெரினா கடற்கரைச் சாலையில் நாம் இன்று பார்க்கும் கண்ணகி, பாரதியார், ஜி.யு. போப் போன்றோரின் சிலைகள் அதையொட்டி எழுந்தவைதான். மூன்றாவது 1970இல் பாரிசில். நான்காவது 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில். அதன் கடைசி நாளில் போலீஸ் நடவடிக்கையில் பொதுமக்கள் உயிரிழந்த துயரம் இன்றுவரை ஆறாத காயம். அடிகளார் 1980 செப்டம்பர் 1ஆம் தேதி காலமானார். ஐந்தாவது மாநாடு 1981 ஜனவரியில் மதுரையில் நடந்தபோது அவர் இல்லை.

அதன் பிறகு 1987இல் கோலாலம்பூர், 1989இல் மொரீசியஸ், 1995இல் தஞ்சாவூர். அடுத்த மாநாடு எப்போது தெரியுமா? 2015இல், மறுபடியும் கோலாலம்பூரில். நடுவில் 20 ஆண்டு இடைவெளி! அந்த ஆண்டுகளில் தமிழறிஞர்கள் இல்லாமல் போகவில்லை, பணமும் வற்றிவிடவில்லை. எந்த அரசாங்கம் மாறினாலும் நிற்காமல் ஓடும் ஓர் அலுவலகம்தான் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

2010இல் இது வெட்டவெளிச்சமானது. சோழர் கல்வெட்டுகளை ஆராய்ந்த ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா அப்போது மன்றத்தின் தலைவர். தமிழக அரசு மாநாட்டை விரைவில் நடத்த விரும்பியது. தரமான ஆய்வு மாநாட்டுக்குத் தயாராக அந்தக் காலம் போதாது என்று அவர் இணங்க மறுத்தார். கோவையில் 2010 ஜூனில் நடந்தது உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு. மன்றத்தின் மாநாடாக அது நடக்கவில்லை. யார் சரி என்ற விவாதத்துக்கு நான் போகவில்லை. அரசுக்குத் தேர்தல் நாள்காட்டி, ஆய்வாளருக்கு ஆய்வு நாள்காட்டி. இரண்டுக்கும் நடுவில் நின்று முன்கூட்டியே திட்டமிட ஒரு வலுவான செயலகம் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இந்தத் தொல்லை தமிழுக்கு மட்டும் உரியதல்ல. உலகக் கணிதவியலாளர்களின் ஒன்றியத்துக்குக்கூட நெடுங்காலம் நிலையான அலுவலகம் இல்லை. செயலாளர் எந்த நாட்டுக்காரரோ அந்த நாட்டுக்குக் கோப்புகளும் போகும். 2011இல்தான் பெர்லினில் அவர்களுக்கு நிரந்தரச் செயலகம் அமைந்தது. பொறுப்பாளர்கள் மாறினாலும் முகவரி மாறாது. கணக்கில் புலிகளுக்கே அதற்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது!

2023 ஜூலையில் 11ஆவது மாநாடும் மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே நடந்தது. ஆக, 11 மாநாடுகளில் நான்கு நம் தலைநகரில். விருந்தோம்பலில் நமக்குக் குறை இல்லை. ஒரு மாநாட்டுக்கும் அடுத்த மாநாட்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் உறுப்பினர் பட்டியலைப் புதுப்பிக்கவும் கடிதங்களுக்குப் பதில் போடவும் ஆள் கிடைப்பதுதான் கடினம்.

நம் ஊர்ச் சங்கங்களுக்கும் இதே கதைதான். அலுவலக வேலையில் எக்செலும் அறிக்கையும் தண்ணீர் பட்ட பாடாக இருக்கும் இளைஞர்கள், சங்கம் என்றால் ஒதுங்கிவிடுகிறோம். மேடை நமக்கு வேண்டாம் என்கிறோம். சரி, மேசையையாவது எடுத்துக்கொள்ளலாமே?

நான் கற்றுக்கொண்ட நாலு விஷயங்களைச் சொல்கிறேன். மின்னஞ்சல் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். கடவுச்சொல் குறைந்தது இருவருக்குத் தெரியட்டும். கூட்டக் குறிப்பை ஒரு வாரத்துக்குள் எழுதி அனுப்பிவிடுங்கள். நிகழ்ச்சிக்கு வரவுசெலவு போடும்போதே அதைப் பதிப்பிக்கும் செலவையும் சேர்த்துவிடுங்கள். பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் அடுத்தவரோடு ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து எது எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்.

போன வாரம் எங்கள் சங்கத்தின் பழைய தாள்களை அடுக்குவதற்குப் புதுக் கோப்பு ஒன்று வாங்கி வந்தேன். அப்பா வாங்கிப் பார்த்தார். துளையிடும் கருவியை எடுத்து வரச் சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தாளைக் கையில் எடுத்தார். "தேதி போடலியேம்மா" என்றார்.