பூட்டிய டிஸ்க் பழுதானால் பைல்கள் கிடைக்குமா?

கோடை மழைக் காலத்தில் சேர்வராயன் மலை மேல் இடி இடித்தால், ஏற்காடு அடிவாரத்தில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்குக் கவலைதான். மின்சாரம் திடீரெனப் போகும். வரும்போது கூடுதல் அழுத்தத்தோடும் வரலாம். இதில் அடி வாங்கும் பாகங்களில் ஹார்ட் டிஸ்க்கும் ஒன்று.

அடிவாரத்தில் ஒருவர் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறார் என்று வைத்துக் கொள்வோம். விடுதிக் கணக்கு, குடும்ப போட்டோக்கள் எல்லாவற்றையும் மூன்று டிஸ்க் கொண்ட ஸ்டோரேஜ் பெட்டி ஒன்றில் வைத்திருக்கிறார். பாதுகாப்புக்காக என்கிரிப்ஷனும் செய்திருக்கிறார். இடி இடித்த மறுநாள் பெட்டி திறக்கவில்லை. பைல்கள் கிடைக்குமா? அவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

ரெய்டு என்பது என்ன?

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறைதான் ரெய்டு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவர் 1988ல் இதனை ஒரு கட்டுரையில் விளக்கினர்.

ஒரு காப்பி மூட்டை 48 கிலோ, இன்னொன்று 52 கிலோ, மொத்தம் 100 கிலோ என்று சீட்டில் எழுதுகிறோம். ஒரு எண் அழிந்தாலும் மற்ற இரண்டைக் கொண்டு அதைக் கண்டுபிடித்து விடலாம். ரெய்டு 5 ஏறத்தாழ இப்படித்தான் இயங்குகிறது. ஒரு டிஸ்க் போனால் மீட்கலாம். இரண்டு போனால் முடியாது. ‘மொத்தம்’ ஒரே டிஸ்க்கில் இல்லாமல் மூன்றிலும் மாறி மாறி எழுதப்படுவதால், டிஸ்க்குகளின் வரிசையும் தெரிந்திருக்க வேண்டும்.

என்கிரிப்ஷன் சேர்ந்தால்?

சாதாரண ரெய்டில் வரிசை தெரியாவிட்டால், மீட்பு சாப்ட்வேர் போட்டோ, டாகுமெண்ட் போன்ற பைல்களின் அடையாளங்களைத் தேடி வரிசையை ஊகிக்கும். என்கிரிப்ட் செய்த டிஸ்க்கில் எல்லாம் அர்த்தமற்ற எழுத்துகளாகவே தெரிவதால், இந்த ஊகம் மிகக் கடினம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் தரும் பாஸ்வேர்ட் பெரும்பாலும் பைல்களை நேரடியாகத் திறப்பதில்லை. உண்மையான கீ, டிஸ்க்கின் ஒரு பகுதியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். பாஸ்வேர்ட் அந்தப் பூட்டைத்தான் திறக்கிறது. அந்தப் பகுதி அழிந்து, அதற்கு நகலும் இல்லையென்றால், சரியான பாஸ்வேர்ட் தெரிந்தும் பயன் இல்லை.

செய்ய வேண்டியவை

1. உடனே மின் இணைப்பைத் துண்டித்திடுங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்க வேண்டாம்.

2. டிஸ்க்குகளைக் கழற்றும் முன், எது எந்த இடத்தில் இருந்தது என 1, 2, 3 என்று எண் ஒட்டுங்கள்.

3. கம்ப்யூட்டரில் இணைத்தால் விண்டோஸ், "பார்மட் செய்யவா?", "இனிஷியலைஸ் செய்யவா?" என்று கேட்கும். எதற்கும் சம்மதிக்காதீர்கள். செக்டிஸ்க்கும் இயக்க வேண்டாம்.

4. டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம் வந்தால் நிறுத்தி விடுங்கள். அது மீட்பு நிபுணர்களின் வேலை.

5. சத்தம் இல்லையென்றால், ஒவ்வொரு டிஸ்க்கையும் முழுமையாக வேறொரு டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ என்ற இலவச புரோகிராம் இதற்கு உதவும். இனி எல்லா முயற்சியும் நகலில்தான்.

6. முதலில் ரெய்டைச் சேர்க்க வேண்டும். பிறகே பூட்டைத் திறக்க வேண்டும். திறந்ததும் பைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி செய்திடுங்கள்.

சில நேரம் பெட்டி மட்டும் பழுதாகி, டிஸ்க்குகள் நல்ல நிலையில் இருக்கும். பல வீட்டு ஸ்டோரேஜ் பெட்டிகள் லினக்ஸில் இயங்குவதால், அவற்றின் டிஸ்க்குகளை லினக்ஸ் உள்ள வேறு கம்ப்யூட்டரில் படிக்க வாய்ப்பு உண்டு.

கீ இல்லையேல் எதுவும் இல்லை

டிஸ்க் நன்றாக இருந்தும் கீ நம்மிடம் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையில் நடந்தது ஓர் எடுத்துக்காட்டு. 2023 ஆகஸ்டில் அந்நாட்டு அரசின் கிளவுட் அமைப்பு ரேன்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. கீ தாக்கியவர்கள் கையில் இருந்தது. ஆன்லைனில் இருந்த பேக் அப்பும் பாதிக்கப்பட்டது. தனியே எடுத்து வைத்த பேக் அப் இல்லாததால், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரசு இமெயில்கள் பறிபோயின.

ஒரே டிஸ்க் உள்ள உங்கள் லேப்டாப்புக்கும் இது பொருந்தும். விண்டோஸ் 11ன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டுடன் புதிதாக அமைக்கும் பல கம்ப்யூட்டர்களில் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கத் தொடங்குகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க ரெகவரி கீ அந்த அக்கவுண்ட்டில் சேமிக்கப்படும். இன்றே அதனுள் நுழைந்து கீ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களுடன் வையுங்கள். அதே கம்ப்யூட்டரில் சேமிப்பது, சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவதற்குச் சமம்.

ரெய்டு டிஸ்க் பழுதிலிருந்து காக்கும். நீங்களே தவறுதலாக அழித்தாலோ, வைரஸ் வந்தாலோ, இடி எல்லா டிஸ்க்கையும் தாக்கினாலோ காக்காது. எனவே மாதம் ஒரு முறை வெளி டிஸ்க்கில் பேக் அப் எடுத்து, உடனே கழற்றி வைத்திடுங்கள். இணைக்கப்படாத டிஸ்க்கை இடியும் தொடாது, வைரஸும் தொடாது.