அம்மா பெயரும் இருக்கட்டும்!

ஸ்ரீரங்கத்தில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறியவர் எழும்பூர் போய்ச் சேருவதற்குள், திருச்சியில் விமானம் ஏறியவர் சிங்கப்பூரில் இறங்கிவிடுகிறார். ஆகையால் உத்திர வீதியிலும் தில்லைநகரிலும் 'சிங்கப்பூர்ப் பிள்ளை'க்குப் பஞ்சமே இல்லை. பிள்ளை போய் ஐந்தாறு வருஷம் ஆகிறது. நிரந்தரவாச உரிமை கிடைத்துவிட்டது. மருமகளுக்கும் அங்கேயே உத்தியோகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் செல்போனில் முகத்தைக் காட்டி, "அம்மா, ஒரு வீடு பார்த்திருக்கிறோம்" என்கிறான். "என்ன விலைடா?" என்று கேட்கிறீர்கள். "பத்து லட்சம் வெள்ளி" என்கிறான்.

இத்துடன் பேச்சை முடித்து, பெருமாளுக்கு அர்ச்சனை செய்யக் கிளம்பிவிடாதீர்கள், அம்மணிகளே! விலைக்கு மேலே என்னென்ன என்று இன்னொரு கேள்வி கேளுங்கள்.

நம் ஊர்க் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம். பதிவுக் கட்டணம் 2017 முதல் 4 சதவிகிதமாக இருந்து, 2023 ஏப்ரலில் 2 ஆகக் குறைந்தது. தரகருக்கு ஒன்றோ இரண்டோ சதவிகிதம். அதையும் பேரம் பேசித்தான் கொடுப்போம். வில்லங்கச் சான்று, வக்கீல், பட்டா மாற்றம் எல்லாம் சில்லறைச் செலவு. ஸ்ரீரங்கம் மதில்களுக்குள் என்றால் அடிமனை யாருடையது என்ற கேள்வி வேறு. அது தனிப் புராணம், இங்கே வேண்டாம்.

சிங்கப்பூரில் முத்திரைத் தீர்வை இரண்டு வகை. முதலாவது எல்லோருக்கும் பொது. விலை ஏற ஏற விகிதமும் ஏறும். பத்து லட்சம் வெள்ளி வீட்டுக்கு 24,600 வெள்ளி. இரண்டாவதுதான் விஷயம். 'கூடுதல் தீர்வை' என்று பெயர். வாங்குகிறவர் யார் என்பதைப் பார்த்து அதைப் போடுகிறார்கள். அந்த நாட்டுப் பிரஜை முதல் வீடு வாங்கினால் ஒன்றும் இல்லை. நிரந்தரவாசிக்கு முதல் வீட்டுக்கு 5 சதவிகிதம். அந்நியருக்கோ, 2023 ஏப்ரல் 27 முதல், 60 சதவிகிதம்! ஆமாம், அச்சுப் பிழை அல்ல. (அமெரிக்கப் பிரஜைகளுக்கு, ஓர் ஒப்பந்தத்தின்படி, உள்நாட்டார் விகிதமே. எனவே அமெரிக்கப் பிரஜையாகிவிட்ட நம் மேலச் சித்திரை வீதிப் பிள்ளை சிங்கப்பூரில் வீடு வாங்கினால் சலுகை உண்டு; இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் அவன் அண்ணனுக்கு இல்லை!)

இனித்தான் முக்கியமான இடம். "அப்பா போன பிறகு அம்மாவுக்கு ஒரு பிடிப்பு வேண்டும்; பத்திரத்தில் அம்மா பெயரும் இருக்கட்டும்" என்று பிள்ளை ஆசையாகச் சொல்வான். மருமகளும் தலையாட்டுவாள். உங்களுக்குக் கண் கலங்கும். ஆனால் பல பேர் சேர்ந்து வாங்கும்போது, அவர்களில் யாருக்கு மிக உயர்ந்த விகிதமோ அதையே முழு விலைக்கும் போடுவது அந்த ஊர்ச் சட்டம். தம்பதி இருவர் மட்டும் வாங்கினால் கூடுதல் தீர்வை 50,000 வெள்ளி. ஸ்ரீரங்கத்து அம்மாவின் பெயர் சேர்ந்தால் 6 லட்சம் வெள்ளி. அந்த ஒரு கையெழுத்தின் விலை ஐந்தரை லட்சம் வெள்ளி! அதையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும். நம் தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறு: 2025 ஏப்ரல் முதல், 10 லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைவு.

தரகர் விஷயத்தில் மட்டும் சிங்கப்பூரைப் பார்த்துப் பொறாமைப்படலாம். இங்கே ஒரே தரகர் விற்பவரிடமும் கை நீட்டுவார், வாங்குபவரிடமும் நீட்டுவார். அங்கே 2010-ல் வந்த சட்டம், ஒரே பேரத்தில் ஒருவர் இரு தரப்புக்கும் தரகராக இருக்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. வீட்டுக் கிரயப் பணத்தைத் தரகர் கையால் வாங்கவும் கூடாது. அவர் பெயர் அரசாங்கப் பதிவேட்டில் இருக்கிறதா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். கமிஷன் இவ்வளவு என்று சட்டம் சொல்லவில்லை. அரசு அடுக்குமாடியில் பழைய வீடு வாங்குபவர் ஒரு சதவிகிதம் கொடுப்பது வழக்கம். அமெரிக்காவிலும் 2024 ஆகஸ்டிலிருந்து புது ஏற்பாடு: வாங்குபவர் தம் தரகருக்கு என்ன கொடுப்பார் என்பதை, வீட்டைச் சுற்றிப் பார்க்கும் முன்பே எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

சரி, பிள்ளையின் கையில் எவ்வளவு இருக்க வேண்டும்? முதல் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 75 சதவிகிதம் கடன் தரும். மீதி இரண்டரை லட்சம் வெள்ளி. அதில் 50,000 ரொக்கமாகவே வேண்டும். இரண்டு தீர்வைகளும் 74,600. ஆக 3,24,600 வெள்ளி. வக்கீலுக்குச் சில ஆயிரம் வேறு. இரண்டரை லட்சம் சேர்த்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த தம்பதிக்கு இங்கேதான் துண்டு விழுகிறது. உடனே திருச்சிக்குப் போன் வருகிறது.

நீங்கள் அனுப்பலாம். இங்கே வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. தாய் பிள்ளைக்குக் கொடுக்கும் பணத்துக்கு நம் நாட்டில் வரியும் இல்லை. ஆனால் 10 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட பாகத்துக்கு வங்கி 20 சதவிகிதம் முன்கூட்டிப் பிடித்துக்கொள்ளும். 30 லட்சம் அனுப்பினால் தனியாக 4 லட்சம் வைத்திருக்க வேண்டும். அது போன பணம் அல்ல. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் கழிந்தது போக மீதி திரும்பி வரும். எப்போது வரும் என்பதுதான் பிள்ளைக்கு உதவாது. அவனுக்கு 14 நாள் கெடு.

"ஸ்ரீரங்கத்து வீட்டை விற்றுக் கொடுத்துவிடுகிறேனே" என்று சில தாய்மார் சொல்கிறார்கள். வீட்டை விற்ற லாபத்தில் இன்னொரு வீடு வாங்கினால் வரி விலக்கு உண்டு என்று அவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். உண்மைதான், ஆனால் 2014-ல் சட்டத்தைத் திருத்தி, அந்த இன்னொரு வீடு இந்தியாவுக்குள் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். சிங்கப்பூர் வீடு அதில் சேராது. லாபத்துக்குப் பன்னிரண்டரை சதவிகிதம் வரி; 2024 ஜூலை 23-க்கு முன் வந்த வீடானால், விலைவாசி ஏற்றத்தைக் கழித்துக்கொண்டு 20 சதவிகிதம் என்ற கணக்கையும் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். பரம்பரை வீட்டுக்கு இந்த இரண்டாவது கணக்கு சில சமயம் நன்றாகவே கைகொடுக்கும். ஆகவே தரகரிடம் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால், பழைய பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓர் ஆடிட்டரைப் போய்ப் பாருங்கள்.